கிர்ஷ்னருக்குக் கை போனதா?

நீங்கள் கேட்டிருப்பது இது. எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் என்ற ஜெர்மன் ஓவியர் தன்னையே சிப்பாயாக வரைந்த படம் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. சீருடை, தொப்பி, உதட்டில் சிகரெட், தூக்கிய வலது கை மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே, "முதல் உலகப் போரில் கையை இழந்தவர், இடது கையால் வரையக் கற்றுக்கொண்டார், கடைசியில் நாஜிகள் கொன்றுவிட்டார்கள்" என்று எழுதியிருந்ததாம். ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் உங்கள் தங்கை, "கை போன மனுஷன் அதற்குப் பிறகு இவ்வளவு வுட்கட் எப்படிச் செதுக்கினார்?" என்று கேட்டிருக்கிறாள் (வுட்கட் என்றால் மரவெட்டு, மரத்தில் செதுக்கி எடுக்கிற அச்சு). உங்களால் பதில் சொல்ல முடியாததால் இங்கே கேட்டிருக்கிறீர்கள். தங்கை கேட்டது நல்ல கேள்வி. ஓர் ஓவியர் தன்னைத் தானே வரைந்துகொண்டால் அதை அவருடைய வாழ்க்கைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கிர்ஷ்னருக்குக் கை போகவில்லை. 1938-இல் இறக்கும்வரை இரண்டு கைகளும் முழுசாக இருந்தன. அவர் போர்முனைக்கே போனதில்லை. இடது கையால் வரையக் கற்றுக்கொண்டார் என்பதற்கு நான் படித்த எதிலும் ஆதாரம் இல்லை. நாஜிகள் அவரைக் கொல்லவில்லை. ஆனால் அவர்கள் செய்தது அவருடைய கடைசி வருடங்களை நொறுக்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பது வருடத்துக்கு மேல் மரத்தில் செதுக்கி அச்செடுக்கிறவன், அதைச் சொல்லிக்கொடுக்கிறவன். ஜெர்மன் எனக்குச் சரளமாக வராது, அகராதியோடுதான் படிப்பேன். மருத்துவம் படித்தவனும் அல்ல. ஆகவே உளி, மரம், மை பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மனநோயைப் பற்றிச் சொல்வதை ஒரு வாசகன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது கிர்ஷ்னருக்கு 34 வயது. பெர்லினில் இருந்தார். கட்டாயமாகப் பிடித்துக் காலாட்படையில் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில், எந்தப் படைப்பிரிவு என்று தேர்ந்தெடுக்கும் வசதிக்காகத் தானே முன்வந்து பெயர் கொடுத்தார். "விருப்பமில்லாத தொண்டன்" என்று தன்னையே சொல்லிக்கொண்டார். 1915-இல் ஹாலே நகரத்தில் 75-ஆம் பீரங்கிப் படைப்பிரிவில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். குதிரை, லாடம், அணிவகுப்பு, காலை விசில். சில மாதங்கள்கூட உடம்பும் மனசும் தாங்கவில்லை. அங்கே குதிரையேற்றம் பழக்கிய அதிகாரி ஹான்ஸ் ஃபேர் ஒரு சட்டப் பேராசிரியர், ஓவியர் எமில் நோல்டேயின் நண்பர், புதுக் கலையைப் புரிந்தவர். அவர் உதவியால் அந்த வருட முடிவுக்குள் விடுவிக்கப்பட்டுப் பெர்லின் திரும்பினார். அவ்வளவுதான் அவருடைய ராணுவ வாழ்க்கை. எதிரியின் ஒரு குண்டுகூட அவர் பக்கம் வரவில்லை. நீங்கள் பார்த்த படம் அதே 1915-இல் வரைந்தது.

இப்போது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு பாருங்கள். அசல் 69 சென்டிமீட்டருக்கு 61, ஏறக்குறைய விரித்த தினத்தாள் அளவு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் நேரில் பார்த்ததில்லை, நல்ல மறுபதிப்பில்தான் பார்த்திருக்கிறேன். தோள்பட்டையைப் பெரிதாக்கினால் 75 என்ற எண் தெரியும். இந்த இடத்தில் அவர் உண்மையை அப்படியே வைத்திருக்கிறார், படைப்பிரிவு எண்ணைக்கூட மாற்றவில்லை. கண்ணைப் பாருங்கள். கருமணியே கிடையாது, ஒரே நிறத்தை அப்பி மூடியிருக்கிறார். முகம் மஞ்சள் பாய்ந்து கிடக்கிறது. பிறகு அந்தக் கை. கட்டு இல்லை, தையல் இல்லை, ஆறிய தழும்பும் இல்லை. இறைச்சிக் கடையில் வெட்டி வைத்த துண்டு போலப் பச்சையாக இருக்கிறது. போரில் கை போனவனுக்கு ஆஸ்பத்திரி உண்டு, வைத்தியம் உண்டு, பல மாதம் கழித்துத்தான் எழுந்து நிற்பான். இவரோ இப்போதுதான் வெட்டிய கையோடு, சிகரெட் அணையாமல், வலியின் ஒரு சுளிப்பும் இல்லாமல் நிற்கிறார். அந்தக் காயம் போரில் பட்டதல்ல என்று படமே சொல்கிறது.

அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள். பதுங்குகுழியும் இல்லை, பாசறையும் இல்லை. பின்னால் ஆடையில்லாமல் ஒரு மாடல் பெண், சுவரோரம் ஓவியம். அது அவருடைய ஸ்டுடியோ. கை எங்கே வேண்டுமோ அங்கே நிற்கிறார், கை இல்லை. "சிப்பாயாக இருந்தால் என்னால் ஓவியனாக இருக்க முடியாது" என்ற பயத்தை இதைவிட நேராக வரைய முடியாது என்பது என் வாசிப்பு. வேறு வாசிப்புகளும் உண்டு. ஆண்மை இழப்பின் அடையாளம் என்கிறார்கள் சிலர், பின்னால் நிற்கும் பெண்ணிடமிருந்து முகம் திருப்பியிருப்பதைக் காட்டி. ஊனமானால் திரும்பப் படைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற ரகசிய ஆசை இது என்பாரும் உண்டு. எல்லாவற்றுக்கும் படத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. நான் முதல் வாசிப்பின் பக்கம் நிற்பதற்குக் காரணம், அதே வருடம் அவர் செய்த இன்னொரு வேலை. பீட்டர் ஷ்லெமில் என்பவன் தன் நிழலைச் சாத்தானிடம் விற்றுவிட்டு மனிதர் நடுவே வாழ முடியாமல் அலைகிற பழைய ஜெர்மன் கதைக்கு வண்ண மரவெட்டுத் தொடர் ஒன்று செய்தார். ஒரே வருடத்தில் ஒரு படத்தில் கை இல்லாத மனிதன், இன்னொன்றில் நிழல் இல்லாத மனிதன். தன்னிடமிருந்து எதையோ அறுத்து எடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அவரை விடாமல் பிடித்திருந்திருக்கிறது.

அந்தக் கைக்கு ஏன் அத்தனை பயம் என்று புரிய, பத்து வருடம் பின்னால் போக வேண்டும். 1905 ஜூன் 7-ஆம் தேதி டிரெஸ்டன் நகரத்தில் நான்கு கட்டடக்கலை மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள்: கிர்ஷ்னர், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ராட்லுஃப், ஃப்ரிட்ஸ் பிளைல். பெயர் 'டி ப்ரூக்க', பாலம் என்று அர்த்தம். ஓவியப் பள்ளிப் படிப்பு என்று பார்த்தால் கிர்ஷ்னர் மியூனிக்கில் கொஞ்ச காலம் பயின்றது ஒன்றுதான். ஸ்டுடியோ, ஒரு பழைய கசாப்புக் கடை. ஒரு போஸில் மாடல் கால் மணிநேரம்தான் இருக்க வேண்டும், அதற்குள் வரைந்து முடிக்க வேண்டும் என்று பழகினார்கள். 'கால்மணி நிர்வாணம்' என்றே அதற்குப் பெயர். யோசிக்க நேரம் கொடுக்காமல் கண்ணிலிருந்து நேராகக் கைக்கு இறக்குவதற்கான சாதகம் அது. பாட்டுக்காரர்கள் விடியற்காலையில் சாதகம் செய்வது போலக் கிர்ஷ்னர் வாழ்நாள் முழுக்க இதைச் செய்தார். அவர் விட்டுப்போன கோட்டோவியங்கள் ஆயிரக்கணக்கில். கிர்ஷ்னரின் பாணியான எக்ஸ்பிரஷனிசம் (கண்ணில் படுவதைவிட உள்ளே உணர்வதை வரைவது) என்றதும் நம் மாணவர்கள் நிறத்தைச் சொல்வார்கள், பச்சை முகம், ஊதா மரம் என்று. கிர்ஷ்னரிடம் நிறத்துக்கு முன்னால் கோடு இருக்கிறது. கோடு என்றால் கை.

மரவெட்டில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். ஐந்நூறு வருடத்துக்கு முன், ஜெர்மன் ஓவியர் டியூரர் காலத்தில் ஓவியர் வரைந்து கொடுப்பார், பெரும்பாலும் வேறொரு கைவினைஞர் அதை மரத்தில் வெட்டுவார், இன்னொருவர் அச்சடிப்பார். ப்ரூக்க இளைஞர்கள் வரைவது, வெட்டுவது, மை பூசுவது, காகிதத்தில் எடுப்பது எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். 1906-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையின் எழுத்துகளைக்கூடக் கிர்ஷ்னர் மரத்தில்தான் செதுக்கினார். குழுவை ஆதரிக்கிற வெளியாட்கள் வருடத்துக்கு 12 மார்க் சந்தா கட்டினால் அசல் அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பு வீட்டுக்கு வரும். இன்று அந்தத் தொகுப்புகளின் விலையை நினைத்தால் தலை சுற்றும்.

ஒரு சின்ன விஷயத்தை உங்கள் தங்கை பட்டறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மரத்தின் நரம்போடு உளியைத் தள்ளினால் வெண்ணெயில் போவது போல வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே தள்ளினால் மரம் எதிர்க்கும், சிராய்க்கும், கை ஒரு நூல் அளவு அதிகமாய் அழுத்தினால் கோடு பிய்த்துக்கொண்டு எங்கோ ஓடிவிடும். வெள்ளையாக வர வேண்டிய இடத்தைச் செதுக்கித் தள்ளும்போது உளித்தடங்களுக்கு நடுவே மெல்லிய முகடுகள் நின்றுவிடும். ரோலர் போகும்போது அவை மையை வாங்கிக்கொள்ளும், அச்சில் வெள்ளைப் பரப்பு முழுக்கக் குச்சி குச்சியாகக் கறுப்பு விழும். சுத்தமாக வேலை செய்கிறவன் திரும்பப் போய் அதையெல்லாம் வழித்து எடுப்பான். கிர்ஷ்னர் விட்டுவிடுவார். அவருடைய மலைகளுக்கும் முகங்களுக்கும் பின்னால் காற்று அசைவது போலத் தெரிகிறதே, பாதி அந்த வழிக்காத முகடுகளால் வருவது. உளியை எந்தப் பக்கமிருந்து, எந்த வேகத்தில் தள்ளினார் என்று நூறு வருடம் கழித்தும் படிக்க முடிகிறது.

நமக்குப் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு, நம் ஊரில் இதைப் பலர் அறிவதில்லை. பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், மாணவர்களை வைத்து அஜந்தா குகை ஓவியங்களைப் பல வருடம் பிரதியெடுத்து, 1896–97-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். கிர்ஷ்னர் டிரெஸ்டனில் அந்தத் தொகுதிகளைப் பார்த்திருக்கிறார், பக்கங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார், அந்தக் காகிதங்கள் இருக்கின்றன. 1911-இல் வரைந்த 'ஏரிக்கரையில் ஐந்து குளிப்பவர்கள்' படத்தில் உடல்களின் வளைவிலும் கனத்திலும் அஜந்தாவின் சாயலை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள், பார்த்தால் நமக்கே தெரியும். டிரெஸ்டன் இனவியல் அருங்காட்சியகத்தில் இருந்த, பசிபிக் கடலின் பலாவ் தீவு வீடுகளின் செதுக்கிய உத்தரங்களும் அவருக்குள் இறங்கியவைதான்.

1911-இல் குழு பெர்லினுக்கு இடம் மாறியது. 1913-இல் குழுவின் வரலாற்றைக் கிர்ஷ்னர் எழுதினார். தன்னை நடுநாயகமாக வைத்து எழுதியிருக்கிறார் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, குழு உடைந்தது. அதன் பிறகு வந்த இரண்டு வருடத் தெருக்காட்சிகள்தான் அவருடைய உச்சம் என்பது பொதுவான மதிப்பீடு, நானும் அப்படியே நினைக்கிறேன். 1914-இல் வரைந்த 'போட்ஸ்டாம் சதுக்கம்' இரண்டு மீட்டர் உயரம். சாலை நடுவே வட்டமான ஒரு திட்டின் மேல் இரண்டு பெண்கள், இரவு வாடிக்கையாளருக்காக நிற்பவர்கள். ஒருத்தி முகத்தில் விதவையின் கறுப்புத் திரை. போர் தொடங்கிய வருடம். பின்னால் ஆண்கள் கறுப்புக் குச்சிகளாகச் சிதறி நடக்கிறார்கள். பெர்லினில் அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது தரை சாய்வது போலிருந்தது. முன்னால் நகர்ந்து பார்த்தால், தூரிகை மேலிருந்து கீழாக, சாய்வாக, உளி போலவே இழுத்திருக்கிறது. இந்தக் கை இந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ராணுவம் கூப்பிட்டது.

அடுத்தது எனக்கு மிகவும் கனமான பகுதி. படத்தில் கையை வெட்டிக்கொண்ட கிர்ஷ்னருக்கு இரண்டு வருடத்துக்குள் கை உண்மையிலேயே வராமல் போனது. விடுவிக்கப்பட்ட பிறகு தூக்கத்துக்கு வெரோனால், வலிக்கு மார்ஃபின், கூடவே மது. ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் கோனிக்ஸ்டைன் சிகிச்சை இல்லத்தில் சேர்ந்தார், அங்கே சுவரோவியங்கள்கூட வரைந்தார், பின்னாளில் நாஜிகள் அவற்றை அழித்தார்கள். 1917 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போனார். அதே வருடம் இலையுதிர் காலத்திலிருந்து அடுத்த கோடைவரை க்ரோய்ட்ஸ்லிங்கனில் மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கரின் இல்லத்தில் இருந்தார். கை கால்களில் வாதம் போன்ற நிலை. எழுத முடியாமல், சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிய கடிதங்கள் உண்டு. போதை மருந்து, மது, போர் பயம், முன்பே இருந்த நரம்புத் தளர்ச்சி எல்லாம் பின்னிக் கிடந்ததால் ஒன்றைப் பிரித்து எடுத்து இதுதான் காரணம் என்று யாராலும் காட்ட முடியாது. 1915 படத்தைத் தீர்க்கதரிசனம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. பயம் முன்னால் வந்தது, உடம்பு பின்னால் போனது, அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதை நான் கொஞ்சம் உள்ளிருந்து அறிவேன். சில வருடங்களுக்கு முன் என் வலது கட்டைவிரலின் அடியில் தசைநாண் வீங்கி ஆறு மாதம் உளி தொடக் கூடாது என்றார்கள். தட்டில் சாதம் பிசைய முடிந்தது, சட்டைப் பொத்தான் போட முடிந்தது, பேனா பிடிக்கவும் முடிந்தது. உளியை மரத்தில் வைத்து அழுத்தினால் மட்டும் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. வீட்டில் எல்லோரும் "கை நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். எனக்கு இல்லாதது போலத்தான் இருந்தது. அந்த மாதங்களில் கிர்ஷ்னரின் இந்தப் படத்தை மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன்.

கை வராத அந்த நாட்களிலும் அவர் மரம் வெட்டினார் என்பதுதான் என்னை அசர வைப்பது. 1917 கோடையில் டாவோஸுக்கு மேலே ஸ்டாஃபல்ஆல்ப் மேய்ச்சல் மலையில் குடிசை எடுத்துத் தங்கினார். ஆடு மேய்க்கிறவர்கள், மலைச்சரிவு, தன்னைப் பார்க்க வந்தவர்களின் தலைகள் என்று செதுக்கிக்கொண்டே இருந்தார். க்ரோய்ட்ஸ்லிங்கனுக்குப் போகும்படி அவரை இணங்க வைத்த பெல்ஜியக் கட்டடக் கலைஞர் ஆன்றி வான் டெ வெல்டெயின் தலையை 1917-இல் செதுக்கியது அவற்றில் ஒன்று. ஆக, உங்கள் தங்கையின் கேள்விக்கு நேரான பதில்: கை போகவில்லை, ஆனால் கை ஒத்துழைக்காத காலம் ஒன்று உண்மையாகவே இருந்தது, அப்போதும் செதுக்கினார். மெல்ல மெல்லத் தேறினார். 1918-க்குப் பிறகு டாவோஸ் பக்கத்துக் கிராமமான ஃப்ரவன்கிர்ஷில் நிலையாகக் குடியேறி, 1923-இல் வில்ட்போடன் என்ற வீட்டுக்கு மாறினார். கட்டில், நாற்காலி எல்லாம் தானே செதுக்கினார். அவருடைய வடிவங்களை அந்த ஊர்ப் பெண் லீஸே குயர் தறியில் நெய்து கொடுத்தார். பெர்லினிலிருந்தே உடனிருந்த வாழ்க்கைத் துணை எர்னா ஷில்லிங் கடைசிவரை கூட இருந்தார்.

இனிமேல் சொல்வது, ஓவியரின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கானது. தன் வரலாற்றைத் தானே திருத்தியவர் கிர்ஷ்னர். பல படங்களில் உண்மையான வருடத்தைவிட முந்தைய வருடத்தைப் போட்டிருக்கிறார். 'ஜப்பானியக் குடையின் கீழ் பெண்' ஏறக்குறைய 1909-இல் வரைந்தது, கான்வாஸில் 1906 என்று இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸின் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே நான் இப்படி வரைந்துவிட்டேன் என்று காட்டுவதற்காக. 1909 ஜனவரியில் பெர்லினில் மாத்தீஸ் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஹெக்கலுக்கு அனுப்பிய அஞ்சலட்டையோ இருக்கிறது. பழைய படங்களை வருடங்கள் கழித்து மேலே பூசித் திருத்தியதும் உண்டு. 1920 முதல் லூயி டெ மார்சல் என்ற பிரெஞ்சு விமர்சகரின் பெயரில் கிர்ஷ்னரைப் பாராட்டிக் கட்டுரைகள் வந்தன. அப்படி ஒருவர் கிடையாது, எழுதியது கிர்ஷ்னரே. இதற்காக அவருடைய கலை எனக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்: கிர்ஷ்னர் படத்தின் மூலையில் இருக்கும் வருடத்தை அப்படியே குறிப்பேட்டில் எழுதாதீர்கள், அருங்காட்சியகம் என்ன வருடம் தருகிறது என்று பாருங்கள்.

சங்கடமான இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. டிரெஸ்டன் காலத்துப் படங்களில் அடிக்கடி வரும் ஃப்ரென்ஸி என்ற மாடல் ஒரு குழந்தை. பழைய புத்தகங்கள் அவளைப் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பெண்ணாக எழுதின. 1990-களில் தேவாலயப் பதிவுகளிலிருந்து அவள் 1900-இல் பிறந்தவள் என்று தெரியவந்தது. அதாவது 1909-இல் எட்டு, ஒன்பது வயதுதான். அந்தப் படங்களைச் சுதந்திரம், இயற்கை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட இப்போது முடியாது. இன்று பல அருங்காட்சியகங்கள் அவளுடைய வயதைப் படத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்கின்றன, அதுதான் சரி. அவள் என்ன உணர்ந்தாள் என்பதற்கு அவளுடைய வார்த்தை எதுவும் நம் கையில் இல்லை, அதனால் அதைப் பற்றி எந்தப் பக்கமும் கதை கட்ட நான் தயாரில்லை. உங்கள் தங்கை அந்தப் படங்களைப் பார்க்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

நாஜிகள் விஷயம். 1931-இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1933-இல் விலகச் சொன்னபோது அவர் எழுதிய பதிலில் தான் யூதரும் அல்ல, சமூக ஜனநாயகவாதியும் அல்ல என்று வாதாடியிருக்கிறார். அதைப் படிக்கும்போது மனசு கசக்கும். ஆனாலும் அவர் நாஜி ஆதரவாளர் அல்ல. தன்னை ஜெர்மன் கலையின் புதுப்பிப்பாளராக நம்பியவர், ஏன் தள்ளுகிறார்கள் என்று கடைசிவரை புரியாமல் தவித்தார். 1937-இல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளை எடுத்தார்கள். ஜூலை 19-ஆம் தேதி மியூனிக்கில் திறந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில் பலவற்றைக் கேலிக்கு வைத்தார்கள். நீங்கள் பார்த்த சிப்பாய் படமும் அதில் இருந்தது. ஃபிராங்க்ஃபர்ட் அருங்காட்சியகத்திலிருந்து பறித்து, தலைப்பை மாற்றி, 'சிப்பாயும் விலைமகளும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். இந்தப் படத்துக்குத் தவறான வாசகம் ஒட்டுவது அப்போதே நடந்திருக்கிறது. பிறகு கைமாறி, 1950-இல் ஓபர்லின் கல்லூரி வாங்கியது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. டாவோஸிலிருந்து ஆஸ்திரிய எல்லை அதிக தூரமில்லை. மலையைத் தாண்டி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் தன் மரக்கட்டைகள் பலவற்றையும் சிற்பங்களையும் தானே அழித்தார். ஜூன் 15-ஆம் தேதி, வில்ட்போடன் வீட்டின் அருகே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 58. அவமானமா, பயமா, நோயா, திரும்ப வந்த மார்ஃபினா என்றால், நான்கும் அந்த வருடம் அவரோடு இருந்தன என்பது உறுதி. எது எவ்வளவு என்று பிரிப்பது என் வேலை இல்லை. அதனால்தான் "நாஜிகள் கொன்றார்கள்" என்ற வாக்கியத்தைத் தவறு என்றேன், அவர்களுக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. எர்னா 1945-இல் இறக்கும்வரை அதே வீட்டில் இருந்தார். இருவரும் டாவோஸ் காட்டுக் கல்லறையில் இருக்கிறார்கள். 1992 முதல் அந்த ஊரில் கிர்ஷ்னர் அருங்காட்சியகத்துக்கு என்றே கட்டிய கட்டடம் இருக்கிறது.

ஆக, சுய உருவப்படத்தைச் சாட்சியாக எடுக்கலாமா? சிப்பாய் படத்தில் 75 என்ற எண்ணுக்கு ராணுவப் பதிவு துணை நிற்கிறது, எடுக்கலாம். வெட்டுப்பட்ட கைக்குத் துணை எதுவும் இல்லை, ஆகவே அது உடம்பைப் பற்றிய தகவல் அல்ல. ஆனால் 1915-இல் அந்த மனிதர் எதற்கு நடுங்கினார் என்பதற்கு எந்தக் கடிதத்தையும்விட அது நல்ல சாட்சி என்று நினைக்கிறேன். கடிதங்களில் அவர் தன்னைத் திருத்தித் திருத்தி எழுதினார். இந்தப் படத்தில் எதையும் அழகுபடுத்தவில்லை.

தங்கைக்கு ஒரு வேலை கொடுங்கள். 1919-இல் அவர் செய்த 'குளிர்கால நிலவிரவு' என்ற வண்ண மரவெட்டை இணையத்தில் தேடி எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கிடைக்கும், நிறம் ஒன்றுக்கொன்று மாறும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் மையை மாற்றிப் பூசித் தானே அச்செடுத்திருக்கிறார். அதே காட்சியை அந்த வருடமே எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தார், அது டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கோடு உளியால் மட்டுமே வரும், எது தூரிகையால் மட்டுமே வரும் என்று பென்சிலால் குறிக்கட்டும். சந்தேகம் வரும் இடங்களைப் படம் பிடித்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.